தாமதக் காரணம்

முதலில் ஒரு பஸ்.
அதுவும் பாதி லொறி.
சரவணமுத்தர் கொழும்பில் வாங்கி வந்து
பலகைத் தட்டி அடித்து, பக்கத்துக்குப் படங்கு கட்டிப்
பருத்தித்துறை றோட்டில் விட்டார்.
நேரம் என்று ஒன்று கிடையாது.
ஆள் நிரம்பினால் வெளிக்கிடும்,
புகையிலைச் சிப்பம் ஏற இருந்தால்
நிரம்பிய பிறகும் நிற்கும்.

பிறகு வினாசித்தம்பியார் இரண்டு விட்டார்.
பிறகு போட்டி.
இருபது சதம் பதினைந்தாகி, பத்தாகி,
ஒரு சித்திரை முழுக்க
கோப்பாய் தாண்டிப் போவோருக்கு ஒரு சோடா சும்மா.
ஒன்றை ஒன்று முந்தப் போய்
நீர்வேலி வாழைத்தோட்டத்துக்குள் ஒரு பஸ் படுத்தது.
குலையோடு சாய்ந்த வாழைகளுக்கு நட்டஈடு கட்டிய பிறகுதான்
இருவரும் ஒரு மேசையில் இருந்தார்கள்.
கொம்பனி பிறந்தது.
கொம்பனிக்கு ஒரு மணிக்கூடு வேண்டும்,
மணிக்கூட்டுக்கு ஓர் ஆள்.
அது நான்.

அதுவரை சிறுப்பிட்டியில் ஆறு பதினேழு இருக்கவில்லை.
விடியல் இருந்தது. வெயிலேறின நேரம் இருந்தது.
நான் கடதாசியில் கோடு இழுத்து
ஆறு பதினேழைக் கொண்டுபோய் ஓர் ஆலமரத்தடியில் இறக்கினேன்.
ஒரு மாதத்துக்குள் வெங்காயக்காரர்
ஆறு பத்துக்கே வந்து நின்று
என்னைத் திட்டப் பழகிவிட்டார்கள்.

பதினொரு பஸ். ஏழு வழி.
இரவில் கொண்டக்டர்மார் கொண்டுவரும் தாளில்
கடைசிக் கட்டம்: தாமதக் காரணம்.
றேடியேற்றர் கொதித்தது.
கொக்குவில் கேற் பூட்டு.
நல்லூர்த் தேர்.
மாடு.
மாடு.
வல்லை வெளியில் காற்று; படங்கு பறந்து
நானே ஓடிப் பிடித்தேன், ஐயா.

டிக்கற்றில் பெயர் எழுத இடமில்லை.
ஏறின இடம், இறங்கும் இடம், சதம்.
அச்சுக்குக் கொடுத்தவன் நான்;
அந்தத் துண்டுக் கடதாசியில் எனக்குக் கொஞ்சம் பெருமை.
ஆசனத்துக்கு ஊர் வேறு சட்டம் வைத்திருந்தது,
அச்சடிக்காத சட்டம்.
முழுக்காசு கொடுத்தும் சிலர் கீழே பலகையில் குந்திப் போனார்கள்,
வெறும் ஆசனம் அவர்களின் தலைமாட்டில் குலுங்கிக்கொண்டு வந்தது.
குந்தியோருக்கு என் தாளில் கட்டம் இல்லை.
நின்றோரில் சேர்த்தேன்.
இருக்கை இருபத்திரண்டு. இருந்தோர் பதினெட்டு. நின்றோர் நான்கு.
கூட்டல் சரி.
கையெழுத்து வைத்தேன். பல வருடம் வைத்தேன்.

ஐப்பசியில் ஒரு நாள் ஏழாம் நம்பர்
நாற்பத்தாறு நிமிடம் பிந்தி வந்தது.
கொண்டக்டர் இளையதம்பி தாளை நீட்டினான்.
கடைசிக் கட்டம் வெறுமை.

ஆவரங்காலில் கதிரி ஏறியிருக்கிறாள்,
பெரியாஸ்பத்திரிக்குப் போக.
மழை. கீழ்ப்பலகை முழுக்கத் தண்ணீர்.
அவள் ஆசனத்தில் இருந்தாள்.
அவ்வளவுதான்.

ஐந்து பேர் இறங்கிப் பஸ்ஸுக்கு முன்னால்
குடை விரித்து நின்றார்களாம்.
றைவர் சவிரிமுத்து எஞ்சினை நிற்பாட்டிச்
சுருட்டுப் பற்ற வைத்தானாம்.
அவள் டிக்கற்றைத் தூக்கிக் காட்டினாளாம்:
"ஈரத்திலை இரு எண்டு இதிலை எழுதிக் கிடக்கோ?"

ஐந்து பேரில் மூவருக்குப் பத்து மணிக்குக் கச்சேரியடியில் வழக்கு.
அடுத்த பஸ் பன்னிரண்டு இருபது.
என் அட்டவணைதான்.
குடையை மடக்கி, ஒருவர் பின் ஒருவராக
ஏறி வந்து இருந்தார்கள்.
அவளுக்குப் பக்கத்து இடம் மட்டும் யாழ்ப்பாணம் வரை காலி.

"என்ன எழுதட்டும்?" என்றான் இளையதம்பி.
பேனை என்னுடையது.
முத்து முத்தாக எழுதினேன்:
இயந்திரக் கோளாறு.

அடுத்த நாள் மெக்கானிக் குலசேகரம்
முழு எஞ்சினையும் கழற்றிச் சாக்கில் பரப்பிவிட்டான்.
பின்னேரம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றான்.
பிழை ஒன்றும் இல்லை, என்றான்.
ஒரு நாள் ஓட்டம் வீணாய்ப் போச்சு, எதுக்கும்
இந்தத் தாளை எழுதினவனை ஒருக்கால் கேளுங்கோ.